பிளேக்கின் ஜோடிப் பாடல்கள்: இன்னொசன்ஸ் என்றால் குழந்தைப் பருவம் மட்டும்தானா?

பாலக்கோடு_வாசகி:
வணக்கம். எம்.ஏ. ஆங்கில இலக்கியக் கருத்தரங்கில் இருபது நிமிடம் பேச வேண்டும். தலைப்பு, ரொமான்டிக் கவிதையில் இன்னொசன்ஸும் எக்ஸ்பீரியன்ஸும். எந்தக் கைடைப் பிரித்தாலும் முதலாவது குழந்தைப் பருவம், ஒளி. இரண்டாவது வளர்ந்த பருவம், இருள் என்றே போட்டிருக்கிறது. ஆனால் புகைக்கூண்டு துடைக்கும் சிறுவனின் பாட்டு, ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கின் இன்னொசன்ஸ் தொகுதியிலேயே இருக்கிறதே, அதில் என்ன ஒளி? கேட்பவர்களில் பாதிப் பேர் தமிழ்த் துறை மாணவர்கள். அவர்களுக்கு இந்த இரண்டு சொற்களையும் எப்படிச் சொல்வது? இன்னொரு ரொமான்டிக் கவிஞரான வேர்ட்ஸ்வொர்த்தையும் சேர்த்துக்கொள்ளலாமா?

தென்பெண்ணை (கிருஷ்ணகிரி):
உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது, அதையே பேச்சின் தொடக்கமாக வையுங்கள்.

'சாங்ஸ் ஆஃப் இன்னொசன்ஸ்' 1789இல் வந்தது. 1794இல் பிளேக் எக்ஸ்பீரியன்ஸ் பாடல்களையும் சேர்த்து ஒரே நூலாக்கினார். அதன் துணைத்தலைப்பு, 'மனித ஆன்மாவின் இரண்டு எதிர்நிலைகளைக் காட்டுவது' என்ற பொருளில் இருக்கும். அவர் சொன்னது நிலை, வயது அல்ல. முதலில் இன்னொசன்ஸில் இருந்த 'தி ஸ்கூல்பாய்', 'தி லிட்டில் கேர்ள் லாஸ்ட்' போன்ற பாடல்களைப் பின்னால் எக்ஸ்பீரியன்ஸுக்கு மாற்றியிருக்கிறார். கோடு வயதை வைத்துப் போட்டது என்றால் இப்படி மாற்ற முடியாது.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். எக்ஸ்பீரியன்ஸுக்கு 'பட்டறிவு' கச்சிதம், பட்டு அறிந்தது. இன்னொசன்ஸுக்கு 'கள்ளமின்மை' போடுங்கள். 'அறியாமை' வேண்டாம், அது குறையைச் சொல்லும் சொல். 'வெகுளித்தனம்' பேச்சில் பொருந்தும். ஆனால் குறளில் வெகுளி என்றால் சினம், 'வெகுளாமை' என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. தமிழ்த் துறைப் பிள்ளைகள் உடனே கேட்பார்கள்.

பாட்டைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, பேசுவது யார் என்பதை. பிளேக் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டால் மொத்தமும் தவறும். அடுத்தது, அந்தக் குரலுக்கு எது தெரியவில்லை என்பது. கள்ளமின்மைக் குரலுக்குத் தன்னை ஏய்ப்பவர் தெரிவதில்லை. பட்டறிவுக் குரலுக்கு மகிழ்ச்சி கண்ணில் படுவதில்லை. இரண்டு தொகுதியிலும் உள்ள 'நர்ஸஸ் சாங்' (செவிலியின் பாட்டு) இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். ஒருத்தி, இருட்டும்வரை விளையாடுங்கள் என்று விடுகிறாள். இன்னொருத்தி, உங்கள் பகலும் வசந்தமும் விளையாட்டில் வீணாகின்றன என்கிறாள். பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான், பார்க்கும் கண் வேறு.

'எதிர்நிலை இல்லாமல் முன்னேற்றம் இல்லை' என்பது பிளேக்கின் கருத்து. ஒன்று சரி, மற்றது தப்பு என்று தீர்ப்புச் சொன்னால் நூலையே மூடிவிட்டதாக ஆகும்.

அரூர்_ஆசிரியர்:
புகைக்கூண்டுப் பாட்டைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். தொகுதி முழுவதையும் இருபது நிமிடத்தில் தொட முடியாது. இரண்டு தொகுதியிலும் இதே தலைப்பில் ஒரு பாட்டு இருக்கிறது, இந்த ஒரு ஜோடியை நன்றாகப் பிரித்தால் போதும்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் புகைக்கூண்டு என்றால் செங்கல் சூளையின் கூண்டை நினைப்பார்கள். லண்டன் வீட்டின் புகைவழி ஒன்பது அங்குலச் சதுரம் வரை குறுகும். அதனுள் ஏறிக் கரியைச் சுரண்டச் சின்ன உடம்பு வேண்டும், அதனால்தான் சிறுவர்கள். 1775இல் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர், இந்தத் தொழிலாளிகளுக்குக் கரியால் விரைப்பையில் புற்றுநோய் வருவதை எழுதினார். 1788 சட்டம் எட்டு வயதுக்குக் குறைந்தவர்களை வைக்கக் கூடாது என்றது, நடைமுறைக்கு வரவில்லை. சிறுவர்களை ஏற்றுவது உண்மையில் நின்றது 1875 சட்டத்துக்குப் பிறகுதான். 1788 சட்டத்துக்கு அடுத்த ஆண்டே முதல் பாட்டு வந்தது என்பதால் அந்தச் சட்டத்தை அவசியம் சொல்லுங்கள்.

முதல் பாட்டின் சிறுவனை, நாக்குத் திருந்துவதற்குள் அப்பா விற்றுவிடுகிறார். 'ஸ்வீப்' (துடைப்பு) என்று கூவ வேண்டிய வாய் 'வீப்' என்கிறது. தொழிலுக்கான கூவல் மழலையில் 'அழு' என்று ஆகிவிடுகிறது! அது அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். இதுதான் கள்ளமின்மைப் பாட்டு இயங்கும் விதம். அடுத்த வரியை இன்னும் நெருங்கிப் பாருங்கள். 'உங்கள்' புகைக்கூண்டைத் துடைக்கிறேன் என்கிறான். கதை கேட்டுக்கொண்டிருந்த வாசகர் அந்த ஒரு சொல்லில் வீட்டுக்காரராகிவிடுகிறார். அவன் குற்றம் சாட்டவில்லை, அதனாலேயே அதிகம் சுடுகிறது.

கடைசி வரி, அவரவர் கடமையைச் செய்தால் தீங்குக்கு அஞ்ச வேண்டாம் என்பது. பலர் இதைப் பிளேக்கின் உபதேசம் என்று எழுதிவிடுகிறார்கள். அது பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த வாசகம், பையன் நம்பி ஒப்பிக்கிறான். கனவில் தேவதை கறுப்புச் சவப்பெட்டிகளைத் திறந்து பிள்ளைகளை விடுவித்த பிறகும், விடிந்தால் இருட்டில் எழுந்து வேலைக்குத்தான் போகிறார்கள்.

எக்ஸ்பீரியன்ஸ் பாட்டு பன்னிரண்டே வரி, முதலாவதில் பாதி. பனியில் ஒரு கறுப்பு உருவம். அதே 'வீப்', இப்போது சோகம் என்று தெரிந்தே வருகிறது. அப்பா அம்மா எங்கே என்றால், பிரார்த்தனைக்குக் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்கிறான். கடவுள், குரு, அரசன் மூவரும் எங்கள் துயரத்திலிருந்து சொர்க்கம் கட்டுகிறார்கள் என்று முடிக்கிறான். யாப்பையும் கவனியுங்கள். முதல் நான்கு வரி இரண்டிரண்டாக இயைகின்றன. பையன் காரணம் சொல்லத் தொடங்கியதும் இயைபு ஒன்றுவிட்டு ஒன்றாக மாறிவிடுகிறது. இவனும் சிறுவன்தான் என்பதை மறக்க வேண்டாம். வயதுக் கணக்கு உடைவதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

மத்தூர்_தமிழ்:
தமிழ்த் துறைக்காரர்கள் இருக்கிறார்கள் என்றால், தகடூரிலிருந்தே ஒரு வழி இருக்கிறது, தோழி. புறநானூறு 94. ஔவையார் தகடூர் மன்னன் அதியமானிடம் சொல்கிறார்: ஊர்ச் சிறுவர்கள் தந்தத்தைக் கழுவ நீர்த்துறையில் கிடக்கும் பெரிய களிறுபோல எங்களுக்கு நீ இனியவன், அதே யானைக்கு மதம் பிடித்தாற்போலப் பகைவர்க்கு நீ இன்னாதவன்.

பிளேக்கின் 'தி லேம்ப்', 'தி டைகர்' இரண்டையும் இதன் பக்கத்தில் வையுங்கள். ஆட்டுக்குட்டியிடம் குழந்தை, உன்னைப் படைத்தது யார் என்று கேட்டுத் தானே பதிலும் சொல்கிறது. புலிப் பாட்டில் கேள்வி மேல் கேள்விதான், பதிலே கிடையாது. ஆட்டைப் படைத்தவன்தான் உன்னையும் படைத்தானா என்பது உச்சக் கேள்வி. முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் 'குட்' (could) என்ற சொல் 'டேர்' (dare) ஆகியிருக்கும். முடியுமா என்பது துணிவானா என்றாகிறது. ஔவைக்கு இரண்டும் ஒரே யானை, அதில் அவருக்குக் குழப்பமில்லை. பிளேக்குக்கு இரண்டும் ஒரே படைப்பாளியிடமிருந்து வந்ததா என்பதே கலக்கம். இந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எங்கள் ஔவையும் அதையேதான் சொன்னார் என்று எளிதாக முடிந்துவிடும்.

புறம் 100ஐயும் பாருங்கள். போர்க்கோலத்தோடு வந்து மகனைப் பார்க்கிறான் அதியமான். பகைவரை நோக்கிய கண், சிறுவனை நோக்கியும் சிவப்பு மாறவில்லை. பட்டறிவு கள்ளமின்மையைப் பார்க்கும் கண்ணுக்கு இதைவிடக் கூர்மையான படம் எனக்குத் தெரியவில்லை.

பாலக்கோடு_வாசகி:
மூவருக்கும் மிக்க நன்றி. புகைக்கூண்டு ஜோடியையும் புறம் 94ஐயும் எடுத்துக்கொள்கிறேன். வேர்ட்ஸ்வொர்த்தை விட்டுவிடவா? பிளேக்கின் படங்களைத் திரையில் காட்டினால் உதவுமா?

தென்பெண்ணை (கிருஷ்ணகிரி):
வேர்ட்ஸ்வொர்த்துக்கு மூன்று நிமிடம் கொடுங்கள், ஆனால் பிளேக்கோடு கலக்காதீர்கள். அவருக்கு இது காலத்தில் நடக்கும் இழப்பு. 1798இன் 'டின்டர்ன் அபே', 1807இல் அச்சான 'இம்மார்ட்டாலிட்டி ஓட்' இரண்டிலும் இளமையின் ஒளி போகிறது, ஈடாகச் சிந்தனை வருகிறது. பிளேக்கிடம் இந்த ஈடு கிடையாது. இரண்டு நிலையும் ஒரே தெருவில் ஒரே நாளில் நிற்கும். ஒரு கவிதை போதும் என்றால் அவருடைய 'வீ ஆர் செவன்' (நாங்கள் ஏழு பேர்). அதில் ஒரு சிறுமி கணக்குச் சொல்கிறாள். உடன்பிறந்தவர்களில் இரண்டு பேர் கான்வே ஊரில், இரண்டு பேர் கடலில், இரண்டு பேர் கல்லறையில், வீட்டில் தான் ஒருத்தி. பெரியவர் ஐந்து என்று எத்தனை முறை கழித்தாலும், எட்டு வயதுச் சிறுமி ஏழு என்பதை விடவே மாட்டாள்.

படங்களைக் கட்டாயம் காட்டுங்கள். செப்புத் தகட்டில் அமிலம் அரிக்காத கலவையால் எழுத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் தலைகீழாக எழுதி, படத்தையும் அதிலேயே வரைந்து, மீதியை அமிலத்தில் அரித்து அச்சிட்டார். பிறகு அவரும் மனைவி கேத்தரினும் கையால் வண்ணம் தீட்டினார்கள். அதனால் ஒரே தகடு என்றாலும் பிரதிக்குப் பிரதி நிறம் மாறும், பாடல் வரிசையும் மாறும். பல பிரதிகளில் புலி பூனைபோலச் சாதுவாக நிற்கும். சொற்களில் இருக்கும் அச்சம் படத்தில் இருக்காது. பிளேக் ஆர்க்கைவ் தளத்தில் பிரதிகளைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. இரண்டு பிரதிகளின் புலியை அருகருகே வைத்து, எந்தப் பிரதி என்பதைக் காட்டும் ஆங்கில எழுத்தைப் படத்தின் அடியில் குறித்துவிடுங்கள்.