மின்சாரமே தயாரிக்காத சின்ன அணு உலைக்கு ஏன் இவ்வளவு செலவு, இவ்வளவு தாமதம்?

அரை_ஆயுள்:
பிரான்சின் கடராஷில் கட்டும் ஜூல்ஸ் ஹொரோவிட்ஸ் என்ற ஆய்வு அணு உலையைப் பற்றிப் படித்தேன். 2007-ல் வேலை தொடங்கி 2014-ல் ஓடியிருக்க வேண்டியது, சுமார் 50 கோடி யூரோவில் முடிந்துவிடும் என்றார்கள். இப்போது 2032-34 என்கிறார்கள், செலவும் பல மடங்கு ஏறிவிட்டது. வெப்பத் திறன் வெறும் 100 மெகாவாட். பெரிய மின் உலைகள் இழுத்தடிப்பது தெரிந்த கதைதான், ஆனால் அவற்றில் முப்பதில் ஒரு பங்கு வெப்பம்கூடத் தராத இதற்கும் ஏன் அதே கதி? பாதுகாப்பு விதிகளைக் கூட்டிக்கொண்டே போவதுதான் காரணம் என்று கூட வேலை செய்கிறவர் அடித்துச் சொல்கிறார். எவ்வளவு தூரம் உண்மை?

கனநீர்:
மெகாவாட்டை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவீர்கள். மின் உலையில் அணுவைப் பிளக்கும் துகளான நியூட்ரான் வெறும் வழிதான், வெப்பம்தான் சரக்கு. இங்கே பொருள்கள் மேல் பாய்ச்சிச் சோதிக்க வேண்டிய நியூட்ரானே சரக்கு. அதைக் கொஞ்ச இடத்துக்குள் நெருக்கித் திணிக்க வேண்டும், அப்புறம் சோதனைப் பொருளை உள்ளே விட்டு எடுக்கக் குழாய்கள், தனிக் குளிர்விப்புச் சுற்றுகள், கதிர்வீசும் மாதிரிகளைத் தூரத்திலிருந்து கையாளத் தடித்த சுவர் அறைகள் என்று போய்க்கொண்டே இருக்கும். பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் கட்டுவார்கள், அதனால் முதலாவதில் பட்டதை வைத்து இரண்டாவதில் திருத்திக்கொள்ளும் வாய்ப்பே கிடையாது. ஹொரோவிட்ஸுக்கு யுரேனியம்-மாலிப்டினம் எரிபொருள் என்று திட்டம் போட்டார்கள், அது காலத்தில் தயாராகவில்லை, ஆகவே யுரேனியம்-235-ன் பங்கை 27 சதவீதமாகக் கூட்டிய (செறிவூட்டிய) யுரேனியம் சிலிசைடு எரிபொருளில் தொடங்குவதாக மாற்றினார்கள். இதை எந்த விதியும் கொண்டுவரவில்லை. நிலநடுக்க விதிகள், புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிந்தைய மறுபரிசீலனை எல்லாம் வேலையைக் கூட்டியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் என் கணிப்பில் அது சின்னப் பங்குதான்.

நிறுத்தக்கோல்:
செலவும் பாதுகாப்பும் ஒரே சிக்கல்தான் என்று புரிய வேண்டுமானால் கனடாவின் மேப்பிள் உலைகளைப் பாருங்கள். சாக் ரிவரில் தலா 10 மெகாவாட்டில் இரண்டு, ஸ்கேன் போன்றவற்றுக்கு உதவும் கதிர்வீசும் பொருளான மருத்துவ ஐசோடோப்பு செய்வதற்கென்றே. 14 கோடி கனடிய டாலர், 2000-க்குள் முடித்துவிடலாம் என்று திட்டம். கட்டி முடித்ததும் சோதனையில் அவசரமாக உலையை நிறுத்தும் கோல்கள் சரியாக விழாமல் சிக்கின. சரி, அது இயந்திரக் கோளாறு, சரிசெய்யலாம். 2003-ல் வந்ததுதான் பெரிய அடி. உலையின் திறன் ஏற ஏறச் சங்கிலி வினை (ஒரு அணு பிளந்து அடுத்ததைப் பிளக்க வைப்பது) தானாகக் கொஞ்சம் தணியும் என்று வடிவமைப்புக் கணக்கு சொன்னது, அளந்து பார்த்தால் கூடியது. அளவு சின்னதுதான், உடனே வெடித்துவிடும் என்றெல்லாம் இல்லை. ஆனால் கணக்கு ஒன்று சொல்ல உலை நேர்மாறாக நடந்தால், அதே கணக்கை நம்பி எழுதிய மற்ற விபத்து ஆய்வுகளை எப்படி நம்புவது? வருடக்கணக்கில் தேடியும் திருப்தியான காரணம் கிடைக்கவில்லை. 2008 மே மாதம் திட்டத்தையே கைவிட்டார்கள், வணிக உற்பத்தி ஒரு நாள்கூட நடக்கவில்லை.

சந்தேகப்_பிராணி:
சரி, ஆனால் அந்தப் பக்கத்துக் கதையையும் சொல்லுங்கள். மேப்பிள் வரும் வரும் என்று அதே சாக் ரிவரில் 1957-ல் தொடங்கிய, ஐசோடோப்பு செய்யும் என்.ஆர்.யு. உலையை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2007 நவம்பரில் அதன் குளிர்விப்பு பம்புகளுக்கு நிலநடுக்கம் தாங்கும் அவசர மின்இணைப்பு கொடுக்கவில்லை என்று தெரிந்து உலை நின்றது, ஐசோடோப்பு தட்டுப்பாடு வந்தது, நோயாளிகளின் ஸ்கேன்கள் தள்ளிப்போயின. ஸ்கேனுக்கு வேண்டிய ஐசோடோப்பான மாலிப்டினம்-99-ன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோகும் காலம், 66 மணி நேரம், கிடங்கில் அடுக்கி வைக்கவே முடியாது. கடைசியில் டிசம்பரில் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு உலையை ஓட வைத்தது, ஒழுங்குமுறை ஆணையத் தலைவர் லிண்டா கீன் ஜனவரியில் பதவி இழந்தார். கறாராக இருப்பதற்கும் விலை உண்டு இல்லையா?

நிறுத்தக்கோல்:
உண்டு, ஆனால் அந்த விலையைக் கீன் தலையில் கட்டுவது நியாயமில்லை. மாற்று உலை எட்டு வருடம் தாமதமாகி, கிழ உலை ஒன்றை நம்பி உலகம் உட்கார்ந்திருந்ததுதான் விஷயம். 2009 மே மாதம் அதே உலையின் கலன் சுவர் அரித்து, நியூட்ரான் வேகத்தைத் தணிக்கும் கனநீர் கசிந்தது, 2010 ஆகஸ்ட் வரை நின்றது. அந்த நேரம் பார்த்து ஐசோடோப்பு செய்யும் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் குழாய் பழுதுக்காகப் பல மாதம் மூடியிருந்தது. அதற்கு எந்த ஆணையம் காரணம்?

அரை_ஆயுள்:
அப்படியானால் நல்லபடியாக முடிந்த உதாரணமே இல்லையா?

கனநீர்:
ஆஸ்திரேலியாவின் ஓபல், 20 மெகாவாட். 2002-ல் கட்டத் தொடங்கி 2006 ஆகஸ்டில் சங்கிலி வினை ஆரம்பித்தது. கட்டியது அர்ஜென்டினாவின் இன்வாப், அதற்கு முன்பே எகிப்தில் 22 மெகாவாட் உலை ஒன்றைக் கட்டிய அனுபவம் அவர்களுக்கு இருந்தது. அங்கேயும் 2007-ல் எரிபொருள் தகடுகள் இடம்பெயர்ந்தது தெரியவந்து பத்து மாதம் போல மூடினார்கள். ஆனால் காரணம் கண்டுபிடித்துத் தாங்கும் அமைப்பை மாற்றித் திரும்ப ஓட்டினார்கள். இந்தியாவின் துருவா ஆய்வு உலையிலும் 1985-ல் எரிபொருள் தொகுதிகள் அதிர்ந்தன, வடிவமைப்பைத் திருத்தி 1988-ல் முழுத் திறனுக்குப் போனார்கள். கோளாறு எல்லா உலையிலும் வரும். நான் முதலில் பார்ப்பது வரைபடம் முடிவதற்கு முன்பே கான்கிரீட் ஊற்றினார்களா என்பதைத்தான், உங்கள் அலுவலக நண்பரிடமும் அதையே கேட்டுப்பாருங்கள்.