முதல் சீசனில் சராசரி 3.5 கெஜம்: ரன்னிங் பேக்கைக் கைவிடலாமா?

கேள்வி: அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை ஏந்தி ஓடுகிறவன்தான் ரன்னிங் பேக். இவன் டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் தேர்ந்தெடுப்பது) முதல் சுற்றில் எடுத்த பையன், ஓட்டத்துக்குச் சராசரி 3.5 கெஜம்தான். தப்பு அவன் மேலா, அவனுக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கிற லைன் (ஆட்டக்காரர் வரிசை) மேலா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில் 1: சராசரியை மட்டும் நம்பாதீங்க. 2, 2, 2, 30 என்று ஓடினாலும் சராசரி 9தான். அதே லைனுக்குப் பின்னால் ஓடிய இன்னொருத்தரோடு ஒப்பிடுங்க. 2013 கோல்ட்ஸ் அணியில் ட்ரென்ட் ரிச்சர்ட்சன் 157 ஓட்டத்தில் 458 கெஜம், அதாவது 2.9. டொனால்ட் பிரவுன் 102-ல் 537, அதாவது 5.3. இதற்கு மேல் லைனை எப்படிக் குறை சொல்வது?

பதில் 2: ஒப்பீடு சரி, ஆனால் எதிரில் எத்தனை பேர் என்றும் எண்ணணும். பாக்ஸில் (லைனுக்கு எதிரே, அதை ஒட்டிய நடுப்பகுதி) 8 பேர் நிற்கும்போது ஓடுவதும், பாஸை எதிர்பார்த்து 6 பேர் நிற்கும்போது ஓடுவதும் ஒன்றில்லை. பிறகு, எண்ட்சோன் (மைதானத்தின் கடைக்கோடிப் பகுதி) பக்கக் கேமரா வீடியோவைப் பந்து கைக்கு வரும் நொடியில் நிறுத்துங்க. இடைவெளி எங்கே திறக்குது, அவன் எங்கே போறான்? லைன்பேக்கர் (எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாளர்) ஒரு பக்கம் சாயும்வரை லைனை நெருங்கிப் போய், ஒரே வெட்டில் திரும்பணும். கால் தட்டிக்கொண்டே நின்றாலோ, அவசரப்பட்டு வெளிப்பக்கம் ஓடினாலோ, இடைவெளியைக் கண்டுபிடிக்கும் பார்வையில் கோளாறு. அது லேசில் திருந்தாது.

பதில் 3: பந்து நழுவுவதைத் திருத்தலாம்: முனையை விரல்கள் மூட, மறுமுனை முழங்கை மடிப்பில், பந்து விலாவோடு ஒட்டி. முதல் சீசனை மட்டும் வைத்துக் கைவிடாதீங்க: ரன்னிங் பேக் மெல்வின் கார்டன் தன் முதல் சீசனான 2015-ல் 184 ஓட்டம், 641 கெஜம், டச்டவுன் (பந்தை எண்ட்சோனுக்குள் கொண்டுபோவது) பூஜ்யம். அடுத்த வருஷம் 997 கெஜம், ஓடியே 10 டச்டவுன். பிளிட்ஸை (பந்து எறிகிறவர் மேல் எதிரணி கூடுதல் ஆட்களோடு பாய்வது) தடுக்கத் தெரியுதா என்றும் பாருங்க. தெரியாதவனை, பாஸ் அதிகம் வரும் மூன்றாவது டவுனில் (10 கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) வெளியே உட்கார வைப்பாங்க.