ஆட்டுக் கிடையில் அடகு வைக்கப்பட்ட பையன்: மீட்டால் அவனுக்கு என்ன கிடைக்கும்?

டெல்டா டீச்சர்:
வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பொங்கல் லீவுக்குப் பிறகு வரவில்லை. வீட்டில் கேட்டால் "சித்தி ஊருக்குப் போயிருக்கான்" என்றார்கள். அறுப்பு முடிந்த வயலில் கிடை போட்டிருக்கும் கீதாரியிடம் (ஊர் ஊராக ஆட்டு மந்தை ஓட்டிப் போகிறவரிடம்) அவன் ஆடு மேய்க்கிறான் என்று கூடப் படிக்கும் பிள்ளைகள்தான் சொன்னார்கள். அப்பா முன்பணம் வாங்கியிருக்கிறார்; கழியும்வரை பையன் அங்கேதான். போய்ப் பார்த்தேன். காலில் புண். ராத்திரிக் காவலும் அவன்தானாம். என்னைக் கண்டதும் ஆடுகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

போன வருஷம் இதே போல் வேறொரு பிள்ளையை மீட்டார்கள். முதலாளிக்கு அபராதம், பிள்ளை வீட்டுக்கு. கடன் அப்படியே நின்றது; அடுத்த பருவத்தில் வேறு கிடைக்குப் போய்விட்டான். இந்த முறை அப்படி ஆகக்கூடாது. யாரிடம் போவது, என்ன கேட்டு வாங்குவது? பெற்றோரை உள்ளே வைத்துவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

மருதன்:
டீச்சர், கொத்தடிமை வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள்; அதோடு நிற்காமல் ஆர்.டி.ஓ.வுக்கு (வருவாய்க் கோட்டாட்சியருக்கு) எழுத்தில் மனு கொடுங்கள். மனுவில் 'குழந்தைத் தொழிலாளர்' என்று மட்டும் எழுதாதீர்கள். 'முன்பணத்துக்காகக் கொத்தடிமையாக வைக்கப்பட்டிருக்கிறான்' என்று எழுதுங்கள்.

போன வருஷம் நடந்ததற்குக் காரணமே இங்கேதான் இருக்கும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் மட்டும் வழக்குப் போட்டால் 50,000 ரூபாய்க்குள் ஒரு அபராதத்தோடு ஆள் வெளியே வந்துவிடலாம். குடும்பத்தின் கடனை அந்தச் சட்டம் தொடாது. 1976ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் கடனையே ரத்து செய்கிறது. அதற்கப்புறமும் வசூலித்தால் 3 ஆண்டு வரை சிறை. அப்பா வாங்கிய பணத்துக்கு மகன் உழைப்பதும் அந்தச் சட்டத்துக்குள் வரும். 'இது கொத்தடிமைக் கடன் இல்லை' என்று நிரூபிக்க வேண்டியவர் பணம் கொடுத்தவர், பையன் இல்லை.

எஃப்.ஐ.ஆரில் பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 143ஆம் பிரிவையும் சேர்க்கச் சொல்லி வற்புறுத்துங்கள். குழந்தையைச் சுரண்டலுக்காகக் கொண்டுபோனால் குறைந்தது 10 ஆண்டு. நான் நடத்திய வழக்குகளில் பெற்றோரைச் சாட்சிகளாகத்தான் சேர்த்தார்கள்.

பையன் கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டான் என்று அதிகாரி தரும் விடுவிப்புச் சான்றிதழ் கைக்கு வராமல் நகராதீர்கள். 30,000 ரூபாய் வரை உடனடி உதவிக்குத் தீர்ப்பு வரக் காத்திருக்க வேண்டியதில்லை. மீட்கப்பட்ட பிள்ளைக்கான 2 லட்சம் மறுவாழ்வு நிதிக்கும் அந்தத் தாள்தான் அடிப்படை.

வேம்பு:
குழந்தைகள் நலக் குழுவில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். மீட்ட 24 மணி நேரத்துக்குள் பையனைக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். காலில் புண் என்கிறீர்கள், மருத்துவப் பரிசோதனையை அன்றைக்கே கேளுங்கள், வழக்குக்கும் அது ஆதாரம். வீட்டு நிலையை விசாரிக்காமல் அப்பாவின் கையில் ஒப்படைத்துவிட வேண்டாம் என்று நீங்களே குழுவில் பேசலாம். உங்களைவிட அவனைத் தெரிந்தவர் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் தாருங்கள். அந்த வீடு மறுபடி முன்பணம் வாங்காமல் இருக்க இந்தப் பணம் உதவும்.

இன்னொன்று, அவன் படத்தை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம்.

சேரன்:
இவ்வளவையும் ஒரு டீச்சர் தெரிந்துவைத்துப் போராட வேண்டியிருக்கிறதே! மாநில அரசு தனியாகச் சட்டம் போட முடியாதா?

மருதன்:
முடியும், போட வேண்டும். குற்றவியல் சட்டம், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கிறது. 2025 ஜனவரியில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் திருத்தத்தை நம் சட்டப்பேரவையே நிறைவேற்றியது. ஆனால் 143இல் தண்டனை ஏற்கெனவே கடுமைதான், அதை இன்னும் கூட்டிப் பயனில்லை. மீட்ட அன்றே சான்றிதழ் தர வேண்டும், தராவிட்டால் அதிகாரி காரணத்தை எழுத வேண்டும், வழக்கு முடியும்வரை பிள்ளைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். இந்த மூன்றையும் மாநிலம் சட்டமாக்கினால் போதும், பாதி பிள்ளைகள் திரும்பப் போக மாட்டார்கள்.

டெல்டா டீச்சர்:
நன்றி சார், நன்றி அக்கா. மனுவை எழுதிவிட்டேன். கிடை இப்போது மாவட்ட எல்லை தாண்டிவிட்டது. மனு எங்கே கொடுப்பது?

மருதன்:
கிடை இன்றைக்கு எங்கே நிற்கிறதோ அந்தக் கோட்டத்து ஆர்.டி.ஓ.விடம். நகல் உங்கள் மாவட்ட ஆட்சியருக்கு. இன்றைக்கே கொடுங்கள், நாளைக்கு அவர்கள் இன்னொரு வயலுக்கு மாறிவிடுவார்கள்.