துணி டயபர் ஒரு மணி நேரத்தில் கசிகிறது, நெடியும் போகவில்லை. உப்புத் தண்ணீரில் எப்படித் துவைப்பது?

சத்துவாச்சாரி, புது அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு இன்றோடு 70 நாள், எடை 4.7 கிலோ. முதல் ஒரு மாதம் அம்மா வீட்டில் பழைய வேட்டித் துணியும் முக்கோண நாப்பியுமாகப் போய்விட்டது. ஆறு மாதம் முடிந்ததும் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தையை மாமியார்தான் பார்த்துக்கொள்வார். அவருக்கு முட்டி வலி. ஒரு நாளைக்கு இருபது முப்பது துணியைக் குனிந்து அலச அவரால் ஆகாது. எப்போதும் கடை டயபரே போடவும் எனக்கு மனசு இல்லை. அதனால் உள்ளே பேட் செருகுகிற பாக்கெட் மாதிரி துணி டயபர் ஆறு வாங்கினேன். கூடவே மைக்ரோஃபைபர் இன்சர்ட் ஆறு வந்தது, அதாவது உள்ளே செருகுகிற செயற்கை இழை பேட்.

40 நாளாகப் போடுகிறேன். ஆரம்பத்தில் தொடை ஓரம் லேசாகக் கசிந்தது, குழந்தை சின்னது என்று விட்டுவிட்டேன். இப்போது ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை, ஏணைப் புடவை வரை நனைகிறது. காய்ந்த துணியை முகர்ந்தால் ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் அவள் ஒருமுறை உச்சா போனதும் கண் எரிகிற அளவுக்கு நெடி வருகிறது. இரண்டு நாளாகத் தொடை மடிப்பில் சிவந்தும் இருக்கிறது. வேறு கம்பெனி டயபர் வாங்க வேண்டுமா, இல்லை நான் துவைப்பதுதான் தப்பா? ஏற்கெனவே நிறையச் செலவாகிவிட்டது, தயவுசெய்து சொல்லுங்கள்.

காட்பாடி, இரண்டு பிள்ளைகளின் அம்மா:

தங்கச்சி, புதுசாக எதுவும் வாங்காதீர்கள். முதலில் போடுகிற விதத்தைப் பார்ப்போம். கால் எலாஸ்டிக் எங்கே உட்காருகிறது? ஜட்டி ஓரம் மாதிரி தொடை சேருகிற மடிப்புக்குள் உட்கார வேண்டும். பல பேர் தொடை மேலேயே விட்டுவிடுகிறோம், குழந்தை காலை உதைத்ததும் இடைவெளி விழுந்துவிடும். முன்பக்கம் வரிசையாக இருக்கிற பொத்தான்களில் மிகச் சின்ன அளவில் போடுங்கள். எல்லா வயதுக்கும் ஒரே அளவு என்று வருகிற டயபர் பெரும்பாலும் 5 கிலோ நெருங்கும்போதுதான் காலுக்குச் சரியாகப் பொருந்தும். ஆரம்பக் கசிவுக்கு அதுதான் காரணமாக இருக்கும். இன்சர்ட் நுனி வெளியே எட்டிப் பார்க்கிறதா என்பதையும் விரலை விட்டுப் பாருங்கள். கொஞ்சம் வெளியே தெரிந்தாலும் போதும், ஈரம் அது வழியே உடுப்புக்கு இறங்கிவிடும்.

ஆனால் 40 நாளில் போகப்போக மோசமாகிறது என்கிறீர்களே, அது போடுகிற விதத்தால் மட்டும் வராது. எந்தத் தண்ணீர், எந்த சோப்பு, எப்படிக் காயவைக்கிறீர்கள் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள்.

ஆற்காடு, குழந்தைகள் வார்டு செவிலி:

துணி விஷயத்தை மற்றவர்கள் சொல்வார்கள். நான் தோலைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதுதான் அவசரம். சிவப்பு எங்கே இருக்கிறது என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். துணி படுகிற மேட்டுப் பகுதியில் மட்டும் என்றால் பெரும்பாலும் ஈரமும் நெடியும் செய்த வேலை. மடிப்புக்குள்ளேயே ஆழமாகச் சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் பொட்டுகளாகப் பரவியிருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். உங்களுக்கு மடிப்பில் என்பதால் தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கொப்புளம், சீழ், காய்ச்சல் எதுவும் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

மெடிக்கல் கடையில் கேட்டு நீங்களாகக் களிம்பு வாங்கித் தடவாதீர்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. பவுடரும் வேண்டாம், மூச்சில் போகும். வெறும் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை ரப்பர் ஷீட் மேல் பழைய வேட்டியை விரித்துத் திறந்தபடி கிடத்துங்கள். இப்போதைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எந்த டயபரும் இருக்கக் கூடாது. ஆய் போனால் உடனே மாற்றுங்கள். இந்த ஒரு வாரம் கடை டயபர் போட்டாலும் குற்ற உணர்ச்சி வேண்டாம் அம்மா. குழந்தைக்கு ஆறட்டும், அதற்குள் துணியைச் சரிசெய்துவிடலாம்.

சத்துவாச்சாரி, புது அம்மா:

அக்கா, சிஸ்டர், இருவருக்கும் நன்றி. இன்று மாலையே டாக்டரிடம் போகிறோம்.

கேட்டவை: போர் தண்ணீர்தான். காவிரித் தண்ணீர் குழாயில் எப்போதாவதுதான் வரும், அதைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்துக்கொள்வோம். டயபரைக் குழந்தை சோப்புக் கட்டியில் கையால் தேய்ப்பேன். வேலை அதிகமான நாளில் மெஷினில் குழந்தைத் துணி லிக்விட் அரை மூடி ஊற்றிப் போடுவேன், குழந்தை என்பதால் குறைவாகத்தான் ஊற்றுவது. காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைப்பாக இருந்ததால் இரண்டு வாரமாகக் கடைசி அலசலில் சாஃப்ட்னர் சேர்க்கிறேன். காயவைப்பது மொட்டை மாடியில், நேர் வெயிலில்.

இன்னொன்று, இது சம்பந்தமா என்று தெரியவில்லை. தினமும் காலையில் மாமியார் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் கால் நீட்டிக் குளிக்க வைப்பார். குளித்து, சாம்பிராணி காட்டியதும் டயபர் போட்டுவிடுவேன்.

ராணிப்பேட்டை, ஒரு அப்பா:

சகோதரி, எங்கள் வீட்டில் டயபர் துவைப்பது என் வேலை. இதே சிக்கலில் மாட்டி நானே தேடித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சோப்பு, சாஃப்ட்னர், எண்ணெய் மூன்றும் சேர்ந்து துணி மேல் மெழுகு மாதிரி படிந்துவிட்டது. டயபர் மேல் குறை இல்லை.

இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். துவைத்துக் காய்ந்த டயபரை விரித்து, குழந்தையின் தோலில் படுகிற பக்கத்தில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றுங்கள். உடனே உள்ளே இறங்கினால் நல்ல துணி. சேப்பங்கிழங்கு இலை மேல் விழுந்த தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால் படிவு இருக்கிறது. குழந்தை உச்சா போகும்போதும் அப்படித்தான் உருண்டு தொடை வழியாக வெளியே ஓடுகிறது. உள்ளே இன்சர்ட் பாதி காய்ந்தே கிடக்கும்.

இனி தண்ணீர். ஒரு பாட்டிலில் பாதி போர் தண்ணீர் பிடித்து, உங்கள் சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். இன்னொரு பாட்டிலில் காவிரித் தண்ணீரில் அதையே செய்யுங்கள். காவிரித் தண்ணீரில் நுரை நிற்கும், உப்பான போர் தண்ணீரில் நுரை வராமல் திரித்திரியாக வெள்ளையாக மிதக்கும். தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத அழுக்காகிவிடுகின்றன. வாளி ஓரத்தில் பிசுபிசுப்பாக ஒட்டியிருப்பது அதுதான். துணி விறைப்பதற்கும் இந்தத் தண்ணீர்தான் காரணம். பாலாற்றை ஒட்டிய நம் ஊர்களில் போர் தண்ணீர் பல இடங்களில் இப்படித்தான். தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடியில் கலந்த பகுதிகளில் இன்னும் மோசம்.

அதனால் எண்ணெயில் காய்ச்சிய சோப்புக் கட்டி உப்புத் தண்ணீருக்கு ஆகாது. சோப்புத்தூளோ டிடர்ஜென்ட் லிக்விடோ இந்தத் தண்ணீரிலும் வேலை செய்யும், ஆனால் அளவு முழுதாகப் போட வேண்டும். குழந்தை என்று அரை மூடி ஊற்றினால் மூத்திரத்தின் யூரியா துணியில் தங்கிவிடும். கிருமிகள் அதை அம்மோனியாவாக மாற்றும், அந்தக் கண் எரிச்சல் அதனால்தான். முழு அளவு போட்டு நன்றாக அலசுவதே தோலுக்கு நல்லது. சாஃப்ட்னரை இன்றோடு நிறுத்துங்கள். அது நூல் மேல் பூச்சு மாதிரி படிந்து உறிஞ்ச விடாது.

இருக்கிற படிவை எடுக்க நான் செய்தது: இன்சர்ட்களைத் தனியாகப் பிரித்து, ஒரு வாளி சுடுதண்ணீரில் வழக்கமான அளவு சோப்புத்தூளும் இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடாவும் கரைத்து, அது ஆறும் வரை நான்கு மணி நேரம் ஊறவிட்டேன். தண்ணீர் கலங்கிப் பழுப்பாகிவிட்டது, பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பிறகு சோப்பே போடாமல் நுரை வருவது நிற்கும் வரை அலசினேன். நாலு தடவை ஆயிற்று. கடைசி இரண்டு அலசலுக்கு மட்டும் காவிரித் தண்ணீர். சோடா கையை அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். துணியில் கொஞ்சமும் தங்கக் கூடாது. வெளி உறைக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாக மட்டும் இருக்கட்டும், அதைவிடச் சூடு வேண்டாம்.

காட்பாடி, இரண்டு பிள்ளைகளின் அம்மா:

தம்பி சொன்னது அத்தனையும் சரி. அந்தத் தேங்காய் எண்ணெயை மறக்காதீர்கள். எண்ணெய்க் குளியலை நிறுத்தச் சொல்லி மாமியாரிடம் சண்டை வேண்டாம். குளித்து முடித்து அரை மணி நேரம் பழைய வேட்டித் துணியைக் கட்டி வைத்து, அப்புறம் டயபர் போடுங்கள். மீதி எண்ணெய் வேட்டியோடு போகும். டாக்டர் ஜிங்க் களிம்பு கொடுத்தாலும் அதுவும் துணியில் ஒட்டும், மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டுக் கட்டுங்கள்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் இன்சர்ட்டும் வேட்டித் துணியும் காயட்டும், ஆய்க் கறை தானாக வெளுக்கும். தண்ணீர் இறங்காத வெளி உறையை மட்டும் நிழலில் போடுங்கள். அதன் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. தினமும் நேர் வெயிலில் கிடந்தால் எலாஸ்டிக் தளர்ந்து பூச்சு பிரிந்துவிடும். என் மூத்தவனுடைய ஐந்து உறையை நான் இப்படித்தான் கெடுத்தேன்.

ஆரணி, மூன்று மாதக் குழந்தையின் அம்மா:

நான் கொதிக்கவைத்து வினிகர் ஊற்றுவேன், சில நாள் பூந்திக்கொட்டை. நெடி போய்விடும். முயன்று பாருங்கள்.

ராணிப்பேட்டை, ஒரு அப்பா:

சகோதரி, சுத்தமான பருத்தியாக இருந்தால் கொதிக்கவைக்கலாம். சத்துவாச்சாரி சகோதரியிடம் இருப்பது மைக்ரோஃபைபர், உறையில் எலாஸ்டிக்கும் பூச்சும் இருக்கின்றன. கொதித்தால் கெட்டுவிடும். வினிகர் திரும்பத் திரும்பப் பட்டால் எலாஸ்டிக்குக்கு ஆகாது. பூந்திக்கொட்டை பட்டுப் புடவைக்கு நல்லது. மூத்திரமும் ஆயும் ஊறிய துணிக்கு அது மட்டும் போதாது.

குடியாத்தம், பேத்தியை வளர்க்கிற ஆயா:

என் மகள் தட்டச்சு செய்கிறாள், நான் சொல்கிறேன். இந்த மைக்ரோ பேட் பார்க்கக் குண்டாக இருக்கும், ஆனால் குழந்தை மேலே உட்கார்ந்து அழுத்தினால் பிழிந்த பஞ்சு மாதிரி விட்டுவிடும். அதைத் தோலில் நேராக வைக்கவும் கூடாது, ஈரத்தை இழுத்துத் தோலை வறட்டிவிடும். நீங்கள் பழைய வேட்டியையே இன்சர்ட்டாகப் போடுங்கள் கண்ணு. இரண்டு முழச் சதுரமாகக் கிழித்து, பேட் அளவுக்கு நீளவாக்கில் மடித்து, அந்தப் பாக்கெட்டில் செருக வேண்டியதுதான். எங்கள் ஊரில் லுங்கி நெய்யாத தெரு குறைவு, பழைய பருத்தி லுங்கியும் நன்றாக உறிஞ்சும். புதுத் துணி வேண்டாம், கஞ்சி இருக்கும். புதுசுதான் இருக்கிறது என்றால் ஐந்தாறு தடவை துவைத்த பிறகு போடுங்கள்.

ஆறு டயபர் போதாது. இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கே எட்டுப் பத்து மாற்ற வேண்டும். ஆனால் உறை பத்து இருந்தால் போதும், மடித்த துணி இருபத்தைந்து வைத்துக்கொள்ளுங்கள். வாளியை ஒரு ஸ்டூல் மேல் வையுங்கள், உங்கள் மாமியார் குனிய வேண்டாம். அவர் ஆயை மட்டும் கழுவிவிட்டுத் துணியை ஓட்டை உள்ள கூடையில் போடட்டும். மீதியை நீங்கள் வந்து இரவு மெஷினில் போடலாம். தண்ணீரில் ஊறவைத்து மூடி வைத்தால்தான் நாற்றம் வரும்.

சத்துவாச்சாரி, புது அம்மா (12 நாள் கழித்து):

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். பூஞ்சைதான் என்று டாக்டர் சொன்னார். களிம்பு எழுதிக் கொடுத்தார், ஆறாம் நாள் சிவப்பு போய்விட்டது. அவர் சொன்ன நாள் வரை தடவி முடித்துவிட்டுத்தான் துணி டயபருக்குத் திரும்பினேன். அந்தச் சமயத்தில் பயன்படுத்திய துணியை எல்லாம் தனியாகச் சுடுதண்ணீரில் துவைத்தேன்.

கரண்டித் தண்ணீர் சோதனையில் ஆறில் ஐந்து டயபரில் தண்ணீர் உருண்டு நின்றது. மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன், "அட, எண்ணெய்ச் சட்டி மாதிரி இருக்கே" என்றார். அதன் பிறகு எண்ணெய்க் குளியல் முடிந்ததும் அவரே வேட்டித் துணியை எடுத்து வைத்துவிடுகிறார். சோடாவில் இரண்டு முறை ஊறவைத்தேன். இப்போது இரண்டு மணி நேரம் தாராளமாகத் தாங்குகிறது, நெடி இல்லை. மாமனாரின் மூன்று வேட்டிகள் இன்சர்ட் ஆகிவிட்டன.

இரவில் மட்டும் இன்னும் நனைகிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பி மாற்ற மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

குடியாத்தம், பேத்தியை வளர்க்கிற ஆயா:

தூங்குகிற குழந்தையை எழுப்பாதீர்கள். பால் குடிக்க அவளே எழுவாள், அப்போது மாற்றினால் போதும். இரவுக்கு வேட்டித் துணி இரண்டைச் சேர்த்து மடித்து, அதற்குக் கீழே உறையை ஒட்டி ஒரு மைக்ரோ பேட் வையுங்கள். மேலே இருக்கிற பருத்தி தாங்காததைக் கீழே இருக்கிறது பிடித்துக்கொள்ளும். அதற்கும் மீறினால் இரவு ஒன்றே ஒன்று கடை டயபர் போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. வேட்டித் துணியை அடுக்காகச் சேர்த்துத் தைத்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒற்றையாகப் பிரித்துக் கொடியில் போட்டால் மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும்.