பேரிங் சூடானது மிஷினுக்கு தெரிஞ்சும் ரயில் ஏன் நிக்கல?

நானுஓயா_டீச்சர்:
அண்ணன்மாரே வணக்கம். தினம் நம்ம இலங்கை மலைநாட்டுல நானுஓயாவுல இருந்து ஹட்டனுக்கு கோச்சில தான் ஸ்கூலுக்கு போறேன். கிரேட்வெஸ்டர்ன் தாண்டி இறக்கத்துல வாறப்ப ஜன்னல் வழியா ஒரு கருகின வாடை வரும், உடனே 2023 பெப்ரவரில அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்து ஈஸ்ட் பாலஸ்தீன்ல கவுந்த சரக்கு ரயில் ஞாபகம் வந்து வயித்த கலக்குது. சக்கரத்து அச்ச தாங்குற பேரிங் சூடாகி 38 பெட்டி தடம்புரண்டு, சனத்த வீட்ட விட்டு கிளப்பி, வைனைல் குளோரைட்ங்கிற விஷ ரசாயன டாங்கிய அதிகாரிகளே திறந்து எரிச்சாங்களே. பாதையோரம் சூடு பாக்குற மிஷின் இருந்திச்சாமே, பிறகு ஏன் நிக்கல? இங்கயும் அத வச்சா பயமில்லாம போலாமா?

பழைய_கேங்காரன் மகன்:
டீச்சர், அந்த வாடை பிரேக் கட்டை சக்கரத்துல உரசுறது, இறக்கத்துல வரத்தான் செய்யும். பேரிங் சூடானா கிரீஸ் எரியுற நாத்தம், அதுவும் ஒரே ஒரு சக்கரத்துகிட்ட. எங்கப்பா தண்டவாள வேல செஞ்சவரு, கோச்சி நின்னதும் அச்சு பெட்டிகிட்ட புறங்கைய கொண்டு போய் பாப்பாரு, உள்ளங்கைய வைக்கவே மாட்டாரு, சுட்டா வேல செய்ய முடியாதுல்ல.

தலவாக்கலை_குமார்:
பிழை மிஷின் மேல மட்டும் இல்ல டீச்சர். மொத மிஷின்ல அந்த பேரிங் வெளிக்காத்த விட 38 பாரன்ஹீட் கூட, அடுத்ததுல 103, அதுக்கப்புறம் சுமார் 20 மைலுக்கு மிஷினே இல்ல, மூனாவதுல 253. அந்த கம்பெனி கணக்குல 170 தாண்டினா தான் நிப்பாட்டி பாக்கனும், அதனால 103ல டிரைவருக்கு ஒரு சத்தமும் போகல, 253ல போய் அவரு வண்டிய நிப்பாட்டுறதுக்குள்ள அச்சு முறிஞ்சிருச்சு. எத்தன மைலுக்கு ஒன்னு வைக்கனும், எத்தன டிகிரில நிப்பாட்டனும்னு அமெரிக்க மத்திய அரசாங்க சட்டமே கிடையாது, கம்பெனி தானே முடிவு பண்ணிக்கிற விஷயம், எனக்கு ஆத்தாமையே அது தான். டாங்கிய எரிச்சதும் தேவையில்லாததுன்னு விசாரண பண்ண தேசிய போக்குவரத்து பாதுகாப்பு சபையே பிறகு சொல்லிருச்சு.

கொட்டகலை_வாசகன்:
சட்டம் கொண்டுவர பாத்தாங்க குமார். அந்த விபத்துக்கு அடுத்த மாசமே ஒஹையோவோட ரெண்டு செனட்டர்மாரும், ரெண்டு பேரும் வேற வேற கட்சி, சேந்து மசோதா குடுத்தாங்க, அந்த அமெரிக்க நாடாளுமன்ற காலம் முடியுற வரைக்கும் நிறைவேறவே இல்ல. சட்டம் வந்தாலும் தாமசம் தான், 2008ல கலிபோர்னியாவுல போன்ல மெசேஜ் போட்டுட்டிருந்த டிரைவர் சிவப்பு சிக்னல தாண்டி 25 பேர் செத்தாங்க, தானா பிரேக் போடுற சிஸ்டத்துக்கு அந்த வருஷமே சட்டம் வந்திச்சு, கெடு 2015. அத தள்ளி தள்ளி 2020 கடைசில தான் முடிச்சாங்க. நடுவுல 2015 மே மாசம் பிலடெல்பியாவுல மணிக்கு 50 மைல்ல போக வேண்டிய வளைவுல ஒரு ரயில் 106 மைல்ல போய் 8 பேர் செத்தாங்க, அந்த இடத்துல சிஸ்டம் ஓடியிருந்தா வேகம் கொறஞ்சு அந்த ரயில் கவுந்திருக்காது.

பழைய_கேங்காரன் மகன்:
இங்க நம்ம பாதையில டேப்லட்னு ஒன்னு இருக்கே, தோல் பைக்குள்ள வட்டத் தகடு, பெரிய வளையத்தோட ஸ்டேஷன் மாஸ்டர் கையில இருந்து டிரைவர் கைக்கு. அது கைக்கு வராம அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டிய எடுக்கக் கூடாது, யாரும் இஷ்டத்துக்கு மாத்த ஏலாது. சூட்டு மிஷின் வந்தாலும் எத்தன டிகிரில நிப்பாட்டனும்னு அப்பிடி ஒரு கட்டாய விதியும் சேந்து வரனும்.

நானுஓயா_டீச்சர்:
ரொம்ப நன்றிண்ணே. இனி கிரீஸ் எரியுற நாத்தம் வந்தா எந்த பெட்டின்னு பாத்து கார்ட்கிட்ட சொல்றேன்.