டர்போ எஞ்சின்: ஆயுள் குறையாமல் பவர் கூட்ட முடியுமா?

கேள்வி:
1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் கார். ஈசியூ ரீமேப் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுவது) செய்ய ஆசை. தினமும் ஓட்டும் வண்டி, எஞ்சின் கெட்டுவிடக் கூடாது. எதில் தொடங்கலாம்?

பதில் 1:
முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர்கள் அழுத்தத்தைச் சரியாகப் பிடிக்கின்றனவா என்ற சோதனை) எடுங்கள், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) போகும் ஹோஸில் கசிவு இருக்கிறதா பாருங்கள். அப்புறம் பெரிய இன்டர்கூலர், அதாவது டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம். உள்ளே போகும் காற்று சூடாக இருந்தால் நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) வரும். ஈசியூ உடனே இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை, தாமதப்படுத்தும்; காசு கொடுத்து வாங்கிய பவர் அங்கேயே போய்விடும்.

பதில் 2:
எனக்கு இதில் பிடிவாதம் உண்டு: 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கை (சுழற்றும் விசையை) ஏற்றவே விடாதீர்கள். கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் தண்டு) வளையும் ஆபத்து அங்கேதான் அதிகம். மேலே போகப் போக பூஸ்ட் மெதுவாக ஏறட்டும்.

கேட்டவர்:
சரி, இன்டர்கூலர் முதலில். ஆயில்?

பதில் 1:
கம்பெனி சொன்ன கிரேடே போதும். ஆனால் அவர்கள் சொன்ன இடைவெளிக்கு முன்பே மாற்றுங்கள், டர்போ பேரிங் அதை நம்பித்தான் சுற்றுகிறது.