சிங்கப்பூர் 1942: படை போதவில்லையா, நேரம் தப்பா?

கடலோடி:
இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷார் ஜப்பானிடம் இழந்த சிங்கப்பூரைப் பற்றி, 'இன்னும் படை அனுப்பியிருந்தால் சிங்கப்பூர் தப்பியிருக்கும்' என்று இங்கே மறுபடியும் ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, அனுப்பினார்களே! மத்தியக் கிழக்குக்கென்று கிளம்பிய 18ஆவது பிரிட்டிஷ் டிவிஷன் என்ற பெரிய படைப்பிரிவை நடுவழியில் திருப்பிவிட்டார்கள். பெரும்பகுதி ஜனவரி 29 அன்று வந்து இறங்கியது, பிப்ரவரி 15 அன்று சரணடைந்தது. கடைசியாக வந்த எம்ப்ரஸ் ஆஃப் ஏஷியா கப்பல் குண்டுவீச்சில் எரிந்து போனது. ஆட்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள், துப்பாக்கி தளவாடமெல்லாம் கடலில். சுமார் 85,000 பேர் கையில் இருந்தும், அதில் பாதிகூட இல்லாத ஜப்பானியர்களிடம் தோற்றபின் எண்ணிக்கை பற்றி என்ன பேச்சு?

பாசறை:
85,000 என்று தலையை எண்ணாதீர்கள், அதில் பாதிப் பயிற்சியில் வந்த பையன்களும் எழுத்தர் வேலை பார்த்தவர்களும் நிறைய. அடிப்படைத் திட்டம் என்ன? ஐரோப்பாவிலிருந்து கடற்படை வந்து சேரும்வரை தாக்குப்பிடிப்பது. அந்தக் கெடு 1937இல் 70 நாள், 1939 செப்டம்பரில் 180 நாள். சிங்கப்பூருக்கு வடக்கே உள்ள மலாயாவையும் சேர்த்துக் காக்க 336 விமானம் வேண்டுமென்று லண்டனில் தளபதிகளே 1940இல் கணக்குப் போட்டார்கள், போர் தொடங்கிய அன்று பறக்கும் நிலையில் இருந்தது 158. டாங்க் ஒன்றுகூட இல்லை. கெடு நீண்டது, சரக்கு வரவில்லை.

கடலோடி:
சரி, விமானம் வராது என்று தெரிந்தபின் காவல் படையை ஏன் மலாயா முழுக்கச் சிதறவிட்டார்கள்? கோத்தா பாரு, அலோர் ஸ்டார் என்று வடக்கே விமானத்தளம் கட்டிவைத்து, போதிய விமானம் இல்லாத தளத்துக்குத் தரைப்படையைக் காவல் நிறுத்தினார்கள். இது ஆள் பற்றாக்குறையா?

தெற்குவாசல்:
இருவருமே பர்மாவின் தலைநகர் ரங்கூனை மறந்துவிட்டீர்கள். ஜனவரியில் சர்ச்சில் 18ஆவது டிவிஷனை பர்மாவுக்குத் திருப்பலாமா என்று யோசித்தார். சிங்கப்பூரைக் கைவிடுவது மன்னிக்க முடியாத துரோகம் என்று ஆஸ்திரேலியப் பிரதமர் கர்ட்டின் தந்தி அடித்தார், அவர்களுடைய 8ஆவது டிவிஷன் அங்கே மாட்டியிருக்கிறதே. அப்புறம் என்ன, டிவிஷன் சிங்கப்பூருக்கே போனது. மார்ச் 8 அன்று ரங்கூனும் விழுந்தது.

பாசறை:
அந்த ஒரு டிவிஷனால் ரங்கூன் நின்றிருக்கும் என்கிறீர்களா?

தெற்குவாசல்:
சொல்லவில்லை. பின்வாங்க அங்கே தரைவழி இருந்தது, தீவில் இல்லை. அவ்வளவுதான்.